கடைப் பெயருக்குக் குண்டு எழுத்து: தேர்வு முதல் பலகை ஏற்றும் வரை

டெல்டாவில் மெஸ், பலகாரக் கடை, ஜவுளி ஷோரூம் என்று எது ஆரம்பித்தாலும் ஒரு கட்டத்தில் யாரிடமாவது போய் "நல்லா குண்டா, ஜாலியா ஒரு எழுத்து போட்டுக் குடுங்க" என்று நிற்போம். அங்கே ஆரம்பிக்கும் அலைச்சல். டிசைனர் ஒன்று சொல்வார், ஃபிளெக்ஸ் கடைக்காரர் வேறொன்று சொல்வார், டிரேட்மார்க் போடப் போனால் ஏஜென்ட் மூன்றாவதாக ஒன்று கேட்பார். கும்பகோணத்தில் எங்கள் பலகாரக் கடைக்காக இந்த மூன்று வாசலிலும் ஏறி இறங்கியதில் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். புதிதாக வருகிறவர்கள் இதே வரிசையில் போனால் ஒரே வேலைக்கு இரண்டு முறை பணம் கொடுக்க வேண்டியிருக்காது.

1. பெயரை முதலில் யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள்

எழுத்துரு தேடுவதற்கு முன்னால் பெயர் முடிவாக வேண்டும். ஒற்று மிகுமா மிகாதா, 'ஸ்ரீ' வருமா வராதா, ஊர்ப் பெயர் முன்னால் வருமா பின்னால் வருமா, எல்லாவற்றையும் பேசி முடித்துவிடுங்கள். பலகை அடித்த பிறகு 'க்' சேர்க்க முடியாது.

முடிவானதும் பெயரை நீங்களே செல்போனில் தட்டச்சு செய்து வைத்துக்கொள்ளுங்கள். செல்போனில் அடிப்பது யூனிகோட் என்ற பொது எழுத்து முறையில்தான் பதிவாகும். இனிமேல் எல்லோருக்கும் அதையே நகலெடுத்து அனுப்புங்கள். காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் டிடிபி கடையில் இன்னொருவர் அதைப் பார்த்துத் தட்டச்சு செய்வார், பிழை அங்கேதான் நுழையும். 'ர' போட வேண்டிய இடத்தில் துணைக்கால், 'கௌ' வர வேண்டிய இடத்தில் 'கெ'வும் 'ள'வும் தனித்தனியாக. கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றாகத்தான் தெரியும். ஆனால் எழுத்துருவை மாற்றியதும் வேஷம் கலைந்துவிடும். கூகுள் மேப்பில் பெயரைத் தேடினாலும் கடை அகப்படாது.

2. எங்கே கிடைக்கும், எவ்வளவு ஆகும்

மூன்று வழி இருக்கிறது.

முதலாவது, இலவச எழுத்துரு. கூகுள் ஃபான்ட்ஸ் தளத்தில் தமிழ் என்று வடிகட்டிப் பாருங்கள். உருண்டையாக, தடிமனாக, சிரித்த முகத்தோடு ஓர் எழுத்து வேண்டும் என்றால் 'பாலூ தம்பி 2' முதலில் கண்ணில் படும். மும்பையின் எக் டைப் நிறுவனம் செய்தது. சாதாரணத் தடிமனிலிருந்து மிகத் தடிமன் வரை ஐந்து நிலை உண்டு. 'காய்னி' இன்னும் கொழுகொழு, ஆனால் ஒரே தடிமன்தான். 'அனெக் தமிழ்' அவ்வளவு விளையாட்டுத்தனமாக இருக்காது. ஆனால் தடிமனோடு அகலத்தையும் கூட்டிக் குறைக்கலாம். பெயர் நீளமாக இருந்து கடை முகப்பு பத்தடிதான் என்றால் இதுதான் கைகொடுக்கும். மூன்றும் கட்டணமில்லாதவை, வணிகத்துக்கும் பயன்படுத்தலாம்.

இரண்டாவது, விலை கொடுத்து வாங்கும் எழுத்துரு. இங்கே கவனிக்க வேண்டியது விலையைவிட உரிமத்தின் வகை. கணினியில் நிறுவி அச்சுக்குப் பயன்படுத்த ஓர் உரிமம், இணையதளத்தில் ஏற்ற இன்னொன்று, செயலிக்குள் வைக்க வேறொன்று என்று பல நிறுவனங்கள் பிரித்து விற்கின்றன. எத்தனை கணினிக்கு என்பதும் கணக்கில் வரும். பலகையும் பையும் மட்டும்தான் உங்கள் தேவை என்றால் முதல் வகையே பெரும்பாலும் போதும். லோகோவுக்கு அனுமதி உண்டா என்பதை மட்டும் உரிமத்தில் படித்து உறுதி செய்யுங்கள்.

மூன்றாவது, உங்கள் பெயரை மட்டும் கையால் வரைந்து வாங்குவது. பணம் இருந்தால் இதைத்தான் நான் சொல்வேன். பக்கத்துத் தெருக் கடையிலும் அதே 'பாலூ தம்பி' இருக்கும் தொல்லை இதில் கிடையாது. பலகை எழுதிப் பழகிய கை இன்னும் ஊருக்கு ஒன்றாவது இருக்கிறது, அவர்களிடமும் கேட்டுப் பாருங்கள். கணினியில் ஏற்ற ஒரு டிசைனர் மட்டும் கூட வேண்டும்.

"எல்லா ஃபான்ட்டும் ஒரே பென்டிரைவ்ல இருக்கு சார்" என்று சொல்பவரிடம் வாங்காதீர்கள். இணையத்தில் இலவசம் என்று கிடைப்பதிலும் பல 'சொந்த உபயோகத்துக்கு மட்டும்'. கடைப் பலகை சொந்த உபயோகம் ஆகாது.

3. உங்கள் பெயரை வைத்தே சோதியுங்கள்

எழுத்துரு விற்பவர்கள் காட்டும் மாதிரியில் 'அம்மா', 'வணக்கம்' என்று அழகான சொற்களாகத்தான் இருக்கும். உங்கள் பெயரில் என்ன எழுத்து வருகிறதோ அதுதான் உங்களுக்குச் சோதனை. நம்ம டெல்டா ஊர்ப் பெயர்களே குண்டு எழுத்துக்கு நல்ல பரீட்சைத் தாள்.

கும்பகோணம்: மூன்று சுழி 'ண'. எழுத்து தடிக்கத் தடிக்கச் சுழிக்குள் இருக்கும் வெள்ளை அடைபடும். தூரத்திலிருந்து பார்த்தால் 'ண'வா 'ன'வா தெரியாமல் ஒரு கறுப்புக் கட்டியாக நிற்கும்.

திருவாரூர்: 'ரு'வும் 'ரூ'வும் ஒரே சொல்லில். இரண்டுக்கும் வித்தியாசம் அடியில் இருக்கும் சின்ன வளைவுதான். விளையாட்டு எழுத்துருக்களில் வடிவமைப்பாளர் அந்த வளைவை உருட்டிவிட்டிருப்பார்.

மன்னார்குடி: துணைக்காலும் 'ர்'உம் அடுத்தடுத்து. சில எழுத்துருக்களில் 'ர'வின் அடிக் கோடு மிகச் சிறிது. இரண்டு கம்பம் நட்டு ஒன்றின் தலையில் புள்ளி வைத்த மாதிரி ஆகிவிடும்.

தஞ்சாவூர்: 'ஞ்'சும் 'வூ'வும். 'ஞ' அகலமான எழுத்து, 'வூ' கீழே இறங்கும் எழுத்து. இரண்டு வரியில் பெயர் வைத்தால் மேல் வரியின் 'வூ' கீழ் வரியின் மேல்விலங்கில் போய் இடிக்கும். அதற்காக வரி இடைவெளியைக் கூட்டினால் பலகையின் உயரம் பத்தாது.

அப்புறம் 'ஸ்ரீ'. நம்ம பக்கம் பாதிக் கடைப் பெயர் இதில்தான் தொடங்குகிறது. 'ஸ்', 'ரீ' என்று உடையாமல் ஒற்றை வடிவமாக வருகிறதா பாருங்கள். இந்த எழுத்து யூனிகோடில் 'ஸ'வை வைத்தும் வரும், 'ஶ'வை வைத்தும் வரும். ஒன்று உடைந்தால் மற்றதைத் தட்டச்சு செய்து பாருங்கள். விலைப் பட்டியலுக்கும் இதே எழுத்துரு என்றால் ₹ குறி இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். 2010இல் வந்த குறி அது, பழைய எழுத்துருக்களில் இருக்காது.

திரையில் பார்த்தது போதாது. ஏ4 தாளில் பெயரைப் பெரிதாக அச்சடித்து எதிர்ப்பக்கச் சுவரில் ஒட்டிவிட்டு, ரோட்டைக் கடந்து நின்று பாருங்கள். அதே பெயரை ஓர் அங்குல அகலத்துக்குச் சுருக்கி பில் மெஷினில் அச்சடியுங்கள். வாட்ஸ்அப் முகப்புப் படமாகவும் வையுங்கள். மூன்றிலும் படிக்க முடிந்தால் தேறியது. ரோட்டில் தேறி பில்லில் தேறாவிட்டால் அதே எழுத்துருவில் ஒரு நிலை மெலிந்ததைச் சிறிய அளவுகளுக்கு வைத்துக்கொள்ளலாம். தடிமன் நிலைகள் உள்ள எழுத்துருவை எடுக்கச் சொல்வது இதற்குத்தான்.

பெயர் பலகைக்கு நீளவில்லை என்று டிடிபிகாரர் எழுத்தை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்து நிரப்பப் பார்ப்பார். விடாதீர்கள். நெடுக்குக் கோடு மட்டும் தடித்து, படுக்கைக் கோடு அப்படியே இருக்கும், சுழியெல்லாம் முட்டை வடிவமாகிவிடும். அகலம் வேண்டுமென்றால் அகலமான எழுத்துருவை எடுக்கச் சொல்லுங்கள்.

4. உரிமத் தாளைக் கையில் வாங்கிவிடுங்கள்

கூகுள் ஃபான்ட்ஸில் நான் சொன்னவை ஓபன் ஃபான்ட் லைசன்ஸ் என்ற உரிமத்தில் வருபவை. பலகை, பை, டப்பா, விளம்பரம், லோகோ எதற்கும் பணம் கட்ட வேண்டாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். எழுத்துருக் கோப்பை மட்டும் தனியாக விலைக்கு விற்கக் கூடாது. எழுத்துருவையே திருத்தி வெளியிட்டால் அதையும் இதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். இறக்கும்போது வரும் ஜிப் கோப்புக்குள் உரிம வாசகம் ஒரு தனிக் கோப்பாக இருக்கும். அதை அழிக்காமல், இறக்கிய தேதியோடு மெயிலில் உங்களுக்கே அனுப்பி வையுங்கள்.

விலைக்கு வாங்கினால் ரசீது உங்கள் கடைப் பெயரில் இருக்கட்டும், டிசைனர் பெயரில் வேண்டாம்.

கையால் வரைந்து வாங்கினால் இன்னும் கவனம் வேண்டும். பணம் கொடுத்துவிட்டோம், எழுத்து நம்முடையது என்று நினைப்போம். 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி உரிமையை மாற்றித் தருவது எழுத்து மூலமாக, கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் 5 ஆண்டு என்றுதான் எடுத்துக்கொள்ளப்படும். எந்த இடத்துக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். சிங்கப்பூருக்கு முறுக்கு அனுப்பும் யோசனை இருந்தால் இந்த வரி முக்கியம். ஆகவே வரைபவரிடம் பணத்தின் கடைசித் தவணையைக் கொடுக்கும்போது ஒரு பக்க ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குங்கள்: என்ன படைப்பு, எவ்வளவு தொகை, முழுக் காலத்துக்கும், உலகம் முழுவதும், எல்லாப் பயன்பாட்டுக்கும். முத்திரைத்தாள் மதிப்பைப் பத்திர எழுத்தரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

5. டிசைனரிடம் உட்காரும்போது

நம்ம ஊர் டிடிபி கடைகளில் இன்றும் பாமினி, வானவில் போன்ற பழைய முறை எழுத்துருக்கள்தான் ஓடுகின்றன. அவற்றில் பலகை நன்றாகவே வரும். ஆனால் அந்தக் கோப்பை எழுத்துரு இல்லாத வேறு கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும். உங்கள் வேலையை யூனிகோட் எழுத்துருவில்தான் செய்ய வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

"யூனிகோடு போட்டா ஃபோட்டோஷாப்புல உடையுது" என்பார்கள். உடைவது உண்மைதான். 'கொ' என்று ஒட்டினால் 'க' முதலில் வந்து, கொம்பு அதன் பின்னால் ஒரு புள்ளி வட்டத்தோடு தொங்கும். மென்பொருளின் எழுத்து அமைப்பை மாற்றினால் சரியாகிவிடும். ஃபோட்டோஷாப்பில் விருப்பத்தேர்வுகளில் டைப் பகுதிக்குப் போய் 'வேர்ல்டு-ரெடி லேஅவுட்' என்பதை எடுக்க வேண்டும். பழைய பதிப்பில் அது 'மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏஷியன்' என்றிருக்கும். இல்லஸ்ட்ரேட்டரில் 'ஷோ இண்டிக் ஆப்ஷன்ஸ்' என்பதை இயக்கிவிட்டு, பத்தி அமைப்பில் வேர்ல்டு-ரெடி கம்போசரை எடுக்க வேண்டும். மிகப் பழைய கோரல்டிரா வைத்திருந்தால் அதில் மல்லுக்கட்டாமல், இலவசமாகக் கிடைக்கும் இன்க்ஸ்கேப்பில் பெயரை அமைத்து கர்வ்ஸாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் கோட்டு வடிவமாக, மாற்றிக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

ப்ரூஃபைச் சத்தம் போட்டு எழுத்து எழுத்தாகப் படியுங்கள். வீட்டில் பெயரோடு சம்பந்தமில்லாத ஒருவரையும் படிக்கச் சொல்லுங்கள். தெரிந்த பெயரை நம் கண் பிழையோடு சேர்த்துத்தான் படிக்கும்.

6. என்னென்ன கோப்பு கேட்டு வாங்க வேண்டும்

கர்வ்ஸாக மாற்றிய பிடிஎஃப், டிசைனரின் மூலக் கோப்பு, பின்னணி இல்லாத பிஎன்ஜி, ஒரே நிறத்தில் ஒரு பிரதி. இந்த நான்கும் கைக்கு வந்த பிறகு பாக்கியைக் கொடுங்கள்.

கர்வ்ஸாக மாற்றினால் மட்டும் போதாது, ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும் எழுத்துகளை வெல்டு செய்து ஒரே வடிவமாக இணைக்கச் சொல்லுங்கள். குண்டு எழுத்தில் கொம்பும் எழுத்தும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்பது அழகு. ஆனால் வெல்டு செய்யாத கோப்பை வினைல் வெட்டும் இயந்திரத்தில் போட்டால் இடிக்கும் இடத்திலும் கத்தி ஓடும்.

ஒரே நிறப் பிரதி எதற்கு என்றால், மஞ்சப்பைக்கு. பருத்தித் துணியில் ஸ்கிரீன் பிரிண்டிங் போடும்போது மை கொஞ்சம் கசியும், சின்னச் சுழியெல்லாம் அடைந்துவிடும். பைக்கான பிரதியில் சுழிகளைக் கொஞ்சம் திறந்துவிடச் சொல்லுங்கள்.

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் நசுங்கிப் போகும். அந்த நசுங்கிய படத்தையே பெரிதாக்கி ஃபிளெக்ஸ் அடித்துக் கொடுத்துவிட்டு, "நீங்க அனுப்புனதுதான்" என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். எங்களுக்கு நடந்தது.

உணவுப் பொட்டலம் போடுகிறவர்களுக்கு: பெயரைத் தமிழில் எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் போடலாம். ஆனால் சேர்மானம், தேதி போன்ற கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் லேபிள் விதி. தமிழில் கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம். அதற்கு மெலிந்த, சாதாரண எழுத்துரு போதும்.

7. பலகை

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிகள் 1948, விதி 15ஐத் தெரிந்துகொள்ளுங்கள். பெயர்ப் பலகையில் தமிழ் மேலே, மற்ற மொழிகள் அதற்குக் கீழே. தமிழ் 5, ஆங்கிலம் 3, பிற மொழி 2 என்ற அளவு விகிதத்தைத் தொழிலாளர் துறையினர் சொல்வார்கள். ஆங்கில எழுத்தைப் பெரிதாகப் போட்டுவிட்டு மூலையில் தமிழைச் சொருகினால் மாற்றச் சொல்லி நோட்டீஸ் வரும். எழுத்துரு எடுக்கும்போதே தமிழும் ஆங்கிலமும் ஒரே குடும்பமாக உள்ளதை எடுத்தால் இந்த விகிதத்தில் வைத்தாலும் பலகை ஒட்டுப்போட்டது போல இருக்காது.

அளவுக்கு ஒரு தோராயக் கணக்கு: 10 அடி தூரத்துக்கு 1 அங்குல உயரம். 40 அடி ரோட்டின் எதிர்ப்பக்கத்துக்கு 4 அங்குலம். தஞ்சாவூர் ரோட்டில் ஓடுகிற பஸ்ஸின் ஜன்னலிலிருந்து படிக்க வேண்டுமானால் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு.

ஃபிளெக்ஸ் சதுர அடிக் கணக்கு. 10க்கு 3 பலகை என்றால் 30 சதுர அடி, ஃபிரேம் தனி, மாட்டும் கூலி தனி. மலிவுதான், ஆனால் நம்ம வெயிலில் சீக்கிரம் வெளுத்துவிடும். அக்ரிலிக் எழுத்து பெரும்பாலும் உயரத்தின் அங்குலக் கணக்கில், எழுத்துக்கு இவ்வளவு என்று வரும். இங்கேதான் தகராறு. 'கும்பகோணம்' என்பது நமக்கு 6 எழுத்து. வெட்டுகிறவருக்கு அது 10 துண்டு: கு, ம, அதன் புள்ளி, ப, கொம்பு, க, கால், ண, ம, அதன் புள்ளி. எதை ஓர் எழுத்தாக எண்ணுகிறார் என்பதைக் கொட்டேஷனிலேயே எழுதச் சொல்லுங்கள். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா என்பதையும்.

முதலில் விழுவது புள்ளிதான். சின்ன வட்டம், பின்னால் பசை மட்டும் தடவியிருப்பார்கள். ஒரு கார்த்திகை மழைக்குப் பிறகு 'கும்பகோணம்' 'குமபகோணம' ஆகிவிடும். ஒவ்வொரு புள்ளிக்கும் ஸ்டட் அல்லது திருகு வேண்டும் என்று சொல்லுங்கள். கையால் வரைந்து வாங்குகிறவர்கள் புள்ளியை எழுத்தோடு ஒட்டியே வரையச் சொல்லலாம், விளையாட்டு எழுத்தில் அது பார்க்கவும் நன்றாக இருக்கும்.

நாகப்பட்டினம், வேதாரண்யம், பூம்புகார் பக்கம் என்றால் உப்புக் காற்று. சாதாரண 304 ரக ஸ்டீலிலேயே துருக்கறை வழியும், 316 ரகத் திருகு கேளுங்கள். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது பலகைகள் பறந்ததை அந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். முழுத் தகட்டுப் பலகையைவிட, கம்பிச் சட்டத்தில் தனித்தனி எழுத்தாக மாட்டினால் காற்று ஊடே போய்விடும். குண்டு எழுத்து இதற்கு வசதி. எல்இடி வைக்கவும் உள்ளே இடம் இருக்கும்.

8. டிரேட்மார்க்

டிஎம்-ஏ படிவம். இணையம் வழியாகத் தாக்கல் செய்தால் தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஒரு வகுப்புக்கு ₹4,500, மற்றவர்களுக்கு ₹9,000. சிறு நிறுவனம் என்று காட்ட உத்யம் எனும் சிறு தொழில் பதிவுச் சான்று வேண்டும். உத்யம் பதிவுக்கு அரசுத் தளத்தில் கட்டணமே கிடையாது. பணம் கேட்கும் தளம் வந்தால் மூடிவிடுங்கள்.

பலகாரம், காபித்தூள் 30ஆம் வகுப்பு. உட்கார வைத்துப் பரிமாறும் கடை 43. இரண்டும் செய்தால் இரண்டு கட்டணம்.

தேவையான தாள்கள்: பான், ஆதார், உத்யம் சான்று, 8க்கு 8 சென்டிமீட்டருக்கு மிகாத லோகோ படம், ஏற்கெனவே பயன்படுத்தி வருகிறீர்கள் என்றால் அதற்கான பிரமாணப் பத்திரமும் பழைய பில்லும், ஏஜென்ட் வழியாக என்றால் அவருக்கு அதிகாரம் கொடுக்கும் டிஎம்-48 தாள். நீங்களே தாக்கல் செய்ய டிஜிட்டல் கையொப்பம் வேண்டும், ஆடிட்டர் அலுவலகங்களில் எடுத்துத் தருவார்கள். பெயர் தமிழ் எழுத்தில் இருந்தால் ஆங்கில ஒலிபெயர்ப்பும் பொருளும் விண்ணப்பத்திலேயே தர வேண்டும். இதை விட்டுவிட்டு ஆட்சேபணை வாங்குகிறவர்கள் நிறைய. லோகோவைக் கறுப்பு வெள்ளையில் தாக்கல் செய்யுங்கள். நிறத்தைக் கட்டுப்படுத்தாமல் பதிந்தால் எல்லா நிறத்துக்கும் பாதுகாப்பு உண்டு.

'கும்பகோணம் டிகிரி காபி' என்பதை எவ்வளவு குண்டாக எழுதினாலும் அந்தச் சொற்கள் உங்களுக்கு மட்டும் சொந்தமாகாது. ஊரும் பொருளும் மட்டுமே பெயரானால் ஆட்சேபணை வரும். கூடவே உங்களுடையதென்று ஒரு பெயர் வேண்டும்.

ஆட்சேபணைக்கு 30 நாளில் பதில். அதைத் தாண்டியதும் டிரேட்மார்க் அலுவலகத்தின் இதழில் வெளியாகும், பிறகு 4 மாதம் யாரும் எதிர்க்கலாம். யாரும் எதிர்க்காவிட்டால் பதிவு, 10 ஆண்டு செல்லும். வட்டத்துக்குள் ஆர் போடுவது பதிவான பிறகுதான், அதுவரை டிஎம் மட்டும். தாக்கல் செய்த சில வாரத்தில் 'உடனே பணம் கட்டுங்கள்' என்று அலுவலகக் கடிதம் போலவே போலிக் கடிதங்கள் வரும். அரசுத் தளத்தில் உங்கள் விண்ணப்ப எண்ணைப் போட்டுப் பார்க்காமல் ஒரு ரூபாய் கட்டாதீர்கள்.

9. எப்போது ஆரம்பிப்பது

திறப்பு விழாவிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். அக்ரிலிக் பலகைக்கு ஒரு மாதம், எழுத்தைத் தேர்ந்து சோதிக்க ஒரு மாதம். கையால் வரைவதென்றால் இன்னொரு மாதம் கூட்டிக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு முந்தைய வாரங்கள், மார்கழிக் கடைசி, தேர்தல் காலம் ஆகியவற்றில் ஃபிளெக்ஸ் கடைப் பக்கம் போக வேண்டாம், ப்ரூஃப் பார்க்கக்கூட நேரம் தர மாட்டார்கள். ஐப்பசி, கார்த்திகையில் வெளிப்பலகை மாட்டும் வேலை மழையால் தள்ளிப் போகும்.

தினசரி காலண்டர் கொடுக்கும் எண்ணம் இருந்தால் சிவகாசிக்காரர்கள் புது ஆல்பம் வெளியிடுவது ஆடிப்பெருக்கில், ஆர்டர் அதிலிருந்து ஓடத் தொடங்கும். அதற்குள் ஒரே நிறப் பிரதி கையில் இருக்கட்டும். கும்பகோணத்துக்காரர்களுக்கு இன்னொன்று: 2028இல் மகாமகம். முந்தைய ஆண்டு முழுக்க ஊரில் எல்லோரும் பலகை மாற்றுவார்கள், வெட்டும் இயந்திரம் வைத்திருப்பவர்கள் வைத்ததுதான் விலை. இப்போதே கொட்டேஷன் வாங்கிவிடுங்கள்.